புள்ளி வைக்காத பேர்

அறுபத்தொன்று எவனென்று தெரிந்தால் அவன் காலை ஒடிக்க, கடல்சுவர் வேலையில் முன்னூறு பேர் காத்திருந்தார்கள். ஆள் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு கோடுதான். திங்கட்கிழமை காலையில் வாசல் திரையில் எல்லாருடைய வேலை வேகத்தையும் கோடாகப் போட்டுவிடுவார்கள். பேர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். பேர் போட்டால் அடிதடி வருமாம். முன்னூறு பேர் வேலை செய்கிற இடத்தில் ஐந்நூறு கோட்டுக்கு மேல் எப்படி வந்தது என்று எண்ணிப் பார்க்க அங்கே ஒருத்தனுக்கும் நேரமில்லை. தன் கோட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் பூத்துப்போகும்.

கன்னியப்பன் இருநூத்திப் பதினாலு. அவன் கோடு மேட்டிலிருந்து உருட்டிவிட்ட கல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

கடல் நாலு ஊரைத் தின்ற பிறகு கட்ட ஆரம்பித்த சுவர் அது. சேற்றில் எந்த எந்திரமும் நிற்கவில்லை. இரண்டு கிரேன் முழுகிப்போன பிறகு மனுசன் தலையே மேல் என்று முடிவு செய்தார்கள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கல், இடுப்பு வரைக்கும் சேறு. வேலையில் இருக்கிறவனுக்கு மேட்டில் ஒரு தகர வீடு. வேலையை விட்டு இறக்கிவிட்டால் பள்ளம். பள்ளத்துக்கு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

எல்லாக் கோட்டுக்கும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. எவனுடைய கோடு எல்லாருக்கும் மேலே ஓடுகிறதோ அதில் பாதி உயரம்தான் அந்தச் சிவப்பு. அறுபத்தொன்று என்று ஒருத்தன் வந்து உச்சியில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து சிவப்பும் கூடவே ஏறியது. அது ஏறிய பிறகு பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டார்கள். இன்னும் வராத நாளுக்கும் கோட்டைத் துண்டு துண்டாக நீட்டி இழுத்திருப்பார்கள். அந்த இழுவை எந்தத் திங்களில் சிவப்பைத் தொடுகிறதோ அந்தத் திங்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்குத் திரையில் இருநூத்திப் பதினாலும் எண்பத்தெட்டும் அடுத்த திங்களில் சிவப்பைத் தொட்டன. எண்பத்தெட்டு மோசஸ்.

"பாருடா அந்த நாயை," என்றான் மோசஸ். "வெயிலு ஏற ஏற அத்தினி பேரும் எறங்கறான். அவன் மட்டும் பாய விரிச்சாப்ல மேலயே படுத்துக்கினு போறான்."

"எந்திரமா இருக்கும்பா."

"எந்திரத்துக்கு இன்னாத்துக்கு மேட்ல வூடு? மனுசன்தான். நம்ம கூடக் குந்திக்கினு கஞ்சி குடிக்கிறான். என் அருளப்பனைத் தண்ணில தள்ளின பேமானி, நம்மகிட்டயே ஊறுகா கேட்டு வாங்கித் துன்றான்."

அருளப்பன் மோசஸின் தங்கச்சி புருசன். போன மாசம் இறக்கினார்கள். பௌர்ணமிக்குப் பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. அவனுடைய சும்மாட்டுத் துணி மட்டும் கிடைத்தது. அதைத்தான் மோசஸ் இப்போது தன் தலையில் சுற்றியிருந்தான்.

நேற்று மத்தியானம் மோசஸிடம் ஊறுகாய் வாங்கித் தின்றது நினைவுக்கு வந்து, கன்னியப்பன் சும்மா சிரித்துவைத்தான்.

கஞ்சி வேளையில் மற்றவர்கள் நிழல் பார்த்துச் சரிந்தபோது அவன் கோட்டு ரூமுக்குப் போனான். தூண் நட்டு மேலே தூக்கி வைத்த கன்டெய்னர் பெட்டி அது. உள்ளே பல்லைக் கிட்ட வைக்கிற குளிர். கோடு போடுகிற பெண் பர்வீன் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்க. ஒரே சேறு."

"செருப்பு எங்கம்மா? இது காலு."

அவள் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"இன்னும் வராத திங்கக்கெழமைக்கு எப்படிம்மா கோடு போட்டே? அன்னிக்கு நான் ஓடுவனா விழுவனான்னு எனக்கே தெரியாது. உனக்கு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலண்ணா. நீங்க பேர் எழுதிட்டு எறங்குற ஒவ்வொரு வேளைக்கும் ஒரு புள்ளி விழும். மணிக்கு எத்தனை கல்லு சொமந்தீங்கன்னு. புள்ளிங்க இஷ்டத்துக்கு இறைஞ்சு கெடக்கும். அதுங்க நடுவுல ஒரு வளைவைப் பொருத்தணும். நேர்கோடு ஒத்து வராது, ஏன்னா மனுசன் நேரா தளர மாட்டான். மெதுவாத் தளந்து, அப்புறம் தடால்னு எறங்குவான். அதனால கணினி மூணு விஷயத்தை ஊகிக்கும். எந்த ஒசரத்துல ஆரம்பிச்சீங்க, எவ்வளவு வேகத்துல எறங்கறீங்க, எங்க போய் நிப்பீங்க. ஊகிச்சு ஒரு வளைவு போடும். புள்ளிங்க அதுலேர்ந்து எவ்வளவு தள்ளிக் கெடக்குன்னு பாக்கும். மறுபடி ஊகிக்கும். இதுக்கு மேல கிட்டப் போக முடியாதுங்கற வரைக்கும் விடாது."

"அப்பால?"

"அதே வளைவை நாளைக்கும் நீட்டிடும்."

"நேத்து குனிஞ்சவன் நாளைக்கும் குனிவான்னு."

"ஆமா."

"வாசல்ல புள்ளி ஒண்ணும் காணமே. கோடு மட்டும்தானே கீது."

பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி போட்டுக்கிட்டுதான் இருந்தேன். புள்ளிய வரையறதுக்குக் கணினில ஒரே ஒரு வரி எழுதினாப் போதும். வரதன் சார் அதை எடுக்கச் சொல்லிட்டாரு. பாமர ஜனம், கொழம்பிடும்னு."

"கொழம்பறேன். காட்டு."

அவள் காட்டினாள். கன்னியப்பன் சேறு காய்ந்த விரலைத் திரையில் படாமல் வைத்து, நாள் நாளாக எண்ணிக்கொண்டு போனான். கொஞ்சம் போனதும் நின்று, முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் கீது."

"ஆமா."

"நான் ரெண்டு தரம் எழுதறேனேம்மா. காலைல ஒண்ணு, கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணு. என் காலையக் காணமே?"

இந்தப் பேர் எழுதுகிற வழக்கம் வந்ததே விரல் தேய்ந்ததால்தான். முதலில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். கல் பிடித்துப் பிடித்து ஒருத்தன் விரலிலும் ரேகை மிச்சமில்லை. மெஷின் எல்லாரையும் யாரோ என்றது. உடனே சட்டம் போட்டார்கள். மேட்டில் இருக்கிறவன் எல்லாம் எழுத்துக் கற்று, வேளைக்கு ஒரு தரம் கண்ணாடிப் பலகையில் தன் பேரைத் தானே எழுத வேண்டும். நாற்பத்தொன்பது வயசில் கன்னியப்பன் பேர் எழுதக் கற்றான். புள்ளி இல்லாத எழுத்துகளாக வரிசையாக எழுதிவிட்டு, பிறகு திரும்பி வந்து, வேண்டிய இடத்தில் புள்ளியைத் தேடித் தேடி வைப்பான். லேட்டாகக் கற்றவன் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

பர்வீன் எதையெதையோ தட்டினாள். திரையில் அவன் கையெழுத்து வந்தது, போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதினது.

கனனியபபன.

"அண்ணா, இதுல புள்ளியே இல்ல."

"மத்தியானத்துல கை ஆடும்மா. எழுத்தை எழுதிட்டுப் புள்ளிக்குத் திரும்பறதுக்குள்ள பின்னாடி நிக்கறவன் பலகையப் புடுங்கிடுவான். புள்ளிதானே, போவட்டும்னு விட்டுடுவேன். காலைல ஒழுங்கா வெப்பேன்."

அவள் முகம் மாறியது. "பலகை எதையும் திருத்தாது. எழுதினதை எழுதினபடி எடுக்கும். எழுத்து மாறினா ஆளு மாறிட்டான்னு புது நம்பர் போட்டுடும். சாயங்காலம் வெளிய போறப்ப சீட்டு வருதே, அது மத்தியானப் பேரை வெச்சு வர்ற சீட்டு. அதனால உங்களுக்கு ஒரு நம்பர்தான் தெரியும்."

"அப்ப புள்ளி வெச்ச கன்னியப்பன் எங்க போனான்?"

பர்வீன் திரையை அவன் பக்கமாகத் திருப்பினாள். காலைப் புள்ளிகள், விடிந்து எழுந்த உடம்பின் புள்ளிகள், ஒன்றின் தோளை ஒன்று பிடித்தாற்போல உச்சியில் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே பாய் விரித்த கோடு. பக்கத்தில் நம்பர்.

அறுபத்தொன்று.

கன்னியப்பன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாருய்யா உன்னை உள்ள விட்டது?" கதவில் சூப்பர்வைசர் வரதன் நின்றான். திரையைப் பார்த்தான், பர்வீனைப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

"சார், ரெண்டும் இவர்தான்," என்றாள் பர்வீன். "ரெண்டையும் சேர்த்து ஒரே வளைவாப் பொருத்திட்டா எல்லாம் சரியாயிடும். சிவப்பும் எறங்கிடும்."

"சேர்த்தா அறுபத்தொண்ணுன்னு ஒருத்தன் இல்லன்னு ஆகும். சிவப்பு தப்புன்னு ஆகும். அப்ப பன்னெண்டு பேரை எதுக்கு எறக்கினேன்னு மேலேர்ந்து கேப்பான். பதில் நீ சொல்றியா?" கன்னியப்பன் பக்கம் திரும்பினான். "இந்தா பாரு. இந்த வாரம் வழக்கம்போல வா. திங்கக்கெழமை இருநூத்திப் பதினாலு எறங்கட்டும். அதுக்கப்புறம் நீ அறுபத்தொண்ணு மட்டும்தான். காலைல வா, மத்தியானம் வீட்ல படு. ஆயுசுக்கும் மேடு உனக்கு. எவனுக்குக் கெடைக்கும் இது?"

"மோசஸு?"

"அவன் கோடு அவனுக்கு."

"யோசிச்சி சொல்றேன் சார்."

"யோசிக்க என்னய்யா இருக்கு? அறுபத்தொண்ணு நீதான்னு வெளிய நான் ஒரு வார்த்தை விட்டேன்னு வெய்யி, யோசிக்கறதுக்கு மண்டை இருக்காது உனக்கு."

கன்னியப்பன் எழுந்தான். கதவுக்கிட்டே நின்று பர்வீனைப் பார்த்தான். "அந்த ஒரு வரியப் போடேன்மா," என்றான். அவள் விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஏணியில் இறங்கும்போதே அவனுக்குத் தோன்றிவிட்டது. இதற்கு எவன் உத்தரவும் வேண்டாம். மூன்று புள்ளி போதும். காலையில் புள்ளியில்லாமல் எழுதினால் அந்த வேகம் இருநூத்திப் பதினாலுக்குப் போகும். மத்தியானத்தில் மூன்று புள்ளியையும் ஒழுங்காக வைத்தால் அந்தத் தள்ளாட்டம் அறுபத்தொன்றின் தலையில் விழும். ஆறே நாளில் அந்த நாயை இழுத்துக் கீழே போட்டுவிடலாம். சிவப்பும் கூடவே விழும். மோசஸும் பிழைப்பான், தானும் பிழைப்பான். யாருக்கும் எதையும் சொல்லவும் வேண்டாம்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தான். எழுத்தெல்லாம் ஆகிவிட்டது. முதல் புள்ளிக்கு விரலைத் தூக்கினால் விரல் தனியாக ஆடியது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒன்றை வைத்தான்.

பின்னால் வரிசை கத்தியது. "யோவ், நகருய்யா! கல்யாணப் பத்திரிகையா எழுதறே?"

மோசஸ் அவன் முதுகில் இடித்தான். "இன்னாடா பண்றே?"

"புள்ளி வெக்கறேன்."

"புள்ளி வெச்சிக் கோலமா போடப்போறே? என் பேர்ல இருக்கறதே ஒரே ஒரு புள்ளி. இந்த வெயில்ல அதைப் போயி எவன் வெக்கறான்? எழுதிட்டுத் தள்ளு!"

கன்னியப்பனின் விரல் பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது. திரும்பி மோசஸைப் பார்த்தான்.

"மூஞ்ச இன்னா பாக்குறே? நகர்றா பேமானி!"

சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் அறுபத்தொன்று தான்தான் என்று சொல்ல வேண்டும். மோசஸின் தலையில் அருளப்பனின் துணி இருந்தது. கன்னியப்பன் மிச்சம் இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டு நகர்ந்தான்.

சாயங்காலம் சீட்டில் அறுபத்தொன்று என்று வந்தது. வாயில் போட்டு மென்று துப்பினான். தினமும் அப்படித்தான் செய்தான். பேர் எழுத நேரமாக்குகிறான் என்று வரிசையில் திட்டு வாங்கினான். ஒருத்தன் அவன் கழுத்தில் சேற்றை அப்பினான். வியாழக்கிழமை மோசஸ் காய்ச்சலில் படுத்துவிட்டான். கஞ்சி கொண்டு போய்க் கொடுத்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். இரண்டு பேருமே பிழைக்கப்போகிறோம், திங்களுக்கு அப்புறம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் பேசிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை திரை எரிந்ததும் ஊளை போட்டார்கள். அறுபத்தொன்று வெட்டிய பனை மாதிரி சாய்ந்து கிடந்தது.

"செத்தான்டா நாய்!" மோசஸ் காய்ச்சல் போகாத தொண்டையால் கத்தினான். பக்கத்திலிருந்த கன்னியப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினான். "செத்தான் பாரு!"

கன்னியப்பன் சிவப்பைத் தேடினான். அது இறங்கியிருந்தது, கட்டைவிரல் அகலம். அவ்வளவுதான். அறுபத்தொன்று விழுந்த இடத்தில் நூத்திமுப்பத்திமூணு என்று ஒருத்தன் உச்சியில் பாய் விரித்திருந்தான். இருநூத்திப் பதினாலு சிவப்பைத் தாண்டி மேலே வந்துவிட்டது. எண்பத்தெட்டு கீழேதான் கிடந்தது. ஒலிபெருக்கியில் வரதன் படிக்க ஆரம்பித்தான்: "எண்பத்தெட்டு, இறக்கம். பதினோரு மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்."

மோசஸின் கை கன்னியப்பனின் தோளிலிருந்து நழுவியது. "எவன்டா அது," என்றான் மெதுவாக. பிறகு தொண்டை கிழிய: "எவன்டா அந்த நூத்திமுப்பத்திமூணு? வெளிய வாடா!"

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், "திரையில இன்னாப்பா மொளகு தூவினாப்ல?"

கோடுகளின் மேலும் கீழும் புள்ளிகள் கிடந்தன. ஆயிரக்கணக்கில். கன்னியப்பன் மேலே கோட்டு ரூமைப் பார்த்தான். ஏணியின் பாதியில் பர்வீன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மேலே கதவில் நின்று, திரையை அணைக்கச் சொல்லி வரதன் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான்.

நேரமில்லை.

"மோசஸு. அறுபத்தொண்ணு நான்தான்."

மோசஸ் திரும்பினான். முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவதில் கன்னியப்பன் சேற்றில் உட்கார்ந்தான். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், தடுப்பதற்காக இல்லை, சேர்ந்து மிதிப்பதற்காக.

"ஒரு வாரமா தெரியும்," என்றான் அவன், வாயில் ரத்தத்தோடு. "நீ அடி. ஆனா அதுக்கு மின்ன உன் கோட்டைப் பாரு. எண்பத்தெட்டு. ஒரு நாளைக்கு எத்தினி புள்ளி?"

"இன்னாடா ஒளர்றே?"

"எண்ணுடா!"

மோசஸ் ஓங்கிய கையோடு பார்த்தான். அவன் உதடு அசைந்தது. "ஒண்ணு," என்றான். "ஒண்ணுதான் கீது. ரெண்டு வேளை எழுதறேனே. என் காலையக் காணமே?"

"கீது. மேல பாரு."

"எங்க?"

"நூத்திமுப்பத்திமூணு. வியாழக்கெழமை நீ காய்ச்சல்ல படுத்தே. உன் கோட்டுல வியாழக்கெழமைக்குப் புள்ளி இல்ல பாரு. அவன் கோட்டுலயும் இல்ல. நீ காலைல புள்ளி வெச்சி எழுதறே, மத்தியானம் வெக்கறதில்ல. அந்த மெஷினுக்குப் புள்ளி வெச்ச மோசஸு வேற, வெக்காத மோசஸு வேற."

சுற்றி நின்றவர்களின் கால்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. எல்லாரும் அண்ணாந்து தங்கள் தங்கள் கோட்டைத் தேடி, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். எங்கேயோ ஒருத்தன் "எனக்கும் ஒண்ணுதான்டா" என்றான். அதைத் தொடர்ந்து இன்னொருத்தன் சொன்னான். திரை பட்டென்று இருண்டது. அப்புறமும் அவர்கள் அண்ணாந்தபடியே நின்றார்கள்.

மோசஸ் மட்டும் குனிந்து கன்னியப்பனைப் பார்த்தான். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. இன்னொரு கை தலைக்குப் போய், சும்மாட்டுத் துணியைத் தொட்டது.

"அருளப்பன்?" என்றான்.

கன்னியப்பன் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அவன் பேர்ல ரெண்டு புள்ளி," என்றான்.